சாட்சிக் கம்பி

எச்சரிக்கை செய்பவரை நாம் எளிதில் விரும்புவதில்லை. வீட்டுத் திண்ணையிலிருந்து பாட்டி சொன்னாலும் சரி, சாலையோரத்துப் பலகை சொன்னாலும் சரி, 'இப்போது என்ன குடிமுழுகிப் போயிற்று?' என்ற எரிச்சலே முதலில் எழுகின்றது. அண்மையில், சித்திரை வெயில் கொளுத்திய ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கள்ளிக்குப்பத்தில் உள்ள நம் இல்லத்தில், ஒரு கணினித் திரை நமக்கு அப்படியோர் எச்சரிக்கையை விடுத்தது. அதன் வாயை அடைக்க முயன்றதையும், அதன் பின் நிகழ்ந்ததையும் வாசகரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் செல்லும் சாலையை ஒட்டியது கள்ளிக்குப்பம். 2011 ஆம் ஆண்டு அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டபோது நாமும் மாநகரவாசிகள் ஆனோம். ஆயினும் நம்மை இப்பக்கம் குடியமர்த்தியது மாநகரமன்று. 1964 இல் தொடங்கப்பெற்ற அம்பத்தூர் தொழிற்பேட்டையே. அங்கே ஒரு தொழிற்சாலையின் மின் பராமரிப்புப் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றிருக்கின்றோம். டெஸ்டரும் மல்டிமீட்டரும் இன்றும் நம் மேசை இழுப்பறையில் உள்ளன.

நம் இளைய மகன் கணினியில் அசைவுப் படங்கள் செய்து பிழைப்பவன். ஆயத்தமாக விற்கும் விலையுயர்ந்த கணினியை வாங்க வசதியில்லாமையால், உறுப்பு உறுப்பாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டான். அதன் கேபினெட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மட்டும் வீட்டில் கிடந்த பழைய கணினியுடையவை. வீட்டு மின்சாரத்தை வாங்கி, கணினியின் உறுப்புகளுக்கு ஏற்ற சிறு மின்னழுத்தமாக மாற்றித் தருவது இந்த எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. குடும்பத்தில் ஒருவர் ஈட்ட மற்றவர் உண்பது போல், கணினி முழுவதும் இதன் கையை எதிர்பார்த்தே வாழ்கின்றது.

அன்று மாலை அவன் நண்பன் ஒருவனிடமிருந்து, பயன்படுத்திய ஆர்.டி.எக்ஸ். 3060 கிராபிக்ஸ் கார்டு ஒன்றை விலைக்கு வாங்கி வந்திருந்தான். ஒரு குறும்படத்துக்கான அசைவுக் காட்சிகளைத் திங்கட்கிழமை காலைக்குள் முடித்துத் தருவதாக வாக்களித்திருந்தான். பழைய கார்டில் ஒரு நிமிடக் காட்சி உருவாக ஓர் இரவு முழுதும் ஆயிற்று. புதியது வந்தால் வேலை விரையும் என்பது அவன் கணக்கு. கார்டைப் பொருத்தி, பொத்தானை அழுத்தினோம். விசிறிகள் சுழன்றன. ஆனால் கறுத்த திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டுமே தோன்றின. கணினியை நிறுத்திவிட்டு, இந்தக் கார்டுக்கு உரிய மின்கம்பியை இணைக்குமாறு அவை பணித்தன. கார்டின் விளிம்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

"கம்பியைத்தான் போட்டிருக்கிறேனே அப்பா!" என்றான் மகன்.

பழைய தொழிலின் பழக்கம் நம்மை விடுவதில்லை. சுவர் சுவிட்சை அணைத்து, இணைப்பை உருவி, சற்றுப் பொறுத்த பின் கேபினெட்டைத் திறந்தோம். கார்டு தன் இடத்தில் முழுதும் அமர்ந்திருக்கின்றதா என்று பார்த்தோம், அமர்ந்திருந்தது. கம்பியின் செருகி தளர்ந்திருக்கின்றதா என்று அசைத்துப் பார்த்தோம், உறுதியாக இருந்தது. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு துளைகளை எண்ணினோம். கார்டின் வாயில் எட்டுத் துளைகள்; நாம் செருகியிருந்ததில் ஆறு முனைகள். எட்டின் வாயில் ஆறு நுழையும். நுழைந்து பிடித்துக்கொள்ளவும் செய்யும். உள்ளே போனதனாலேயே அது போதும் என்று மகன் எண்ணிவிட்டான். கேபினெட்டுக்குள் எட்டு முனை உடைய வேறொரு கம்பி தொங்குவதைக் கண்டு அதை எடுக்கப் போனவனையும் தடுத்தோம். அது பிராசசருக்கு உரியது. பார்வைக்கு ஒன்று போல் இருந்தாலும், அதில் மஞ்சள் கம்பி இருக்கும் பக்கம் இதில் கறுப்புக் கம்பி இருக்கும். வலிந்து செருகினால் கார்டும் போகும், பெட்டியும் போகும்.

இங்கே சிறிது கணக்குப் பார்ப்பது நன்று. கார்டு அமர்ந்திருக்கும் மதர்போர்டின் பள்ளம் அதற்கு 75 வாட் வரை தரலாம். ஆறு முனைக் கம்பி மேலும் 75 வாட் தரலாம். எட்டு முனைக் கம்பியாயின் 150 வாட். நம் கார்டு முழு வேலை செய்யும்போது கேட்பது 170 வாட். பள்ளமும் ஆறு முனைக் கம்பியும் சேர்ந்தால் 150 தான், இருபது குறைகின்றது. பள்ளமும் எட்டு முனைக் கம்பியும் சேர்ந்தால் 225, தாராளம். கார்டு பிடிவாதம் பிடிக்கவில்லை. தன் பசியைச் சொல்லியது, அவ்வளவே.

தனக்கு வந்திருப்பது ஆறா, எட்டா என்பதை அந்தக் கார்டு எவ்வாறு அறிகின்றது? இதுதான் நம்மை வியப்பில் ஆழ்த்தியது. ஆறு முனைக் கம்பியில் மூன்று மஞ்சள், மூன்று கறுப்பு. எட்டு முனைக் கம்பியில் மூன்று மஞ்சள், ஐந்து கறுப்பு. மின்சாரத்தைக் கொண்டுவரும் மஞ்சள் கம்பிகள் இரண்டிலும் மூன்றே! கூடுதலாக வரும் இரண்டு கறுப்புக் கம்பிகளுள் ஒன்று மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி. மற்றொன்று சாட்சி சொல்வதற்கென்றே வருகின்றது. 'என்னை அனுப்பிய பெட்டி 150 வாட் தர வல்லது; நம்பி எடுத்துக்கொள்' என்பதே அதன் சாட்சியம். அந்தக் கம்பி வந்து தொட்டால் கார்டு நம்புகின்றது. வராவிட்டால் எச்சரிக்கின்றது.

மறுநாள் காலை, கார்டை விற்ற நண்பனே ஒரு வழி சொன்னான். அவனிடம் கிடந்த சிறு கன்வெர்ட்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பினான். ஒரு முனையில் ஆறு, மறுமுனையில் எட்டு. மகன் அதை நடுவில் செருகிக் கணினியை இயக்கினான். எழுத்துகள் மறைந்தன, சிவப்பு விளக்கு அணைந்தது, திரை ஒளிர்ந்தது. அவன் முகமும் ஒளிர்ந்தது.

நாம் அந்தக் கன்வெர்ட்டரின் கம்பிகளை உற்றுப் பார்த்தோம். எட்டு முனையில் கூடுதலாக உள்ள இரண்டும், பக்கத்துக் கறுப்புக் கம்பியோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தன. பெட்டியிலிருந்து புதிதாக ஒரு துளி ஆற்றலும் வரவில்லை. சாட்சிக்கு மட்டும் ஆள் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். பெட்டி தரமானதாகவும், கம்பி தடித்ததாகவும் இருந்தால் இந்த ஏற்பாடு தாங்கிவிடவும் கூடும். ஆனால் தாங்குமா என்று பெட்டியைக் கேட்டவர் எவருமில்லை.

ஆகவே நாம் கேட்டோம். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளில் '500 வாட்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில் ஒரு கட்டம். 12 வோல்ட் வழியில் 18 ஆம்பியர் என்று கட்டம் கூறியது. பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட். கார்டும் பிராசசரும் பெரும்பாலும் உண்பது இந்த 12 வோல்ட் வழியில்தான். கார்டுக்கு 170, பிராசசருக்குக் குறைந்தது 65, விசிறிகளுக்கும் வட்டுகளுக்கும் சிறிது, கணக்கு இடித்தது. எஸ்.எம்.பி.எஸ். வாங்குவோர் பெரிய எழுத்தைப் படித்தால் போதாது. இந்தச் சிறிய கட்டத்தைப் படித்துப் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

மகன் தன் காட்சிகளை ஓடவிட்டான். நாம் மல்டிமீட்டரை வைத்தோம். சும்மா இருந்தபோது 12.0 வோல்ட் காட்டியது, வேலை தொடங்கியதும் 11.2 க்கு இறங்கியது. இவ்வழியில் ஐந்து விழுக்காடு வரை ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்பட்டுள்ளது, அதாவது 11.4 க்குக் கீழே போகலாகாது. கால் மணி நேரம் கழித்துக் கன்வெர்ட்டரைத் தொட்டுப் பார்த்தோம். சோறு வடித்த பானையின் விளிம்பு போல் சுட்டது. கம்பியில் பாயும் மின்னோட்டம் இரு மடங்கானால் அதில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது, ஜேம்ஸ் ஜூல் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1841 இல் வெளியிட்ட விதி. அவ்விதியை நம் விரல் அறிந்தது.

"நிறுத்திவிடு தம்பி," என்றோம்.

"எச்சரிக்கைதான் போய்விட்டதே அப்பா. திங்கட்கிழமை வரைக்கும் ஓடினால் போதும். பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

அந்தச் சொற்கள் நம்மை உலுக்கிவிட்டன. 'திங்கட்கிழமை வரைக்கும் ஓடினால் போதும்.' 1989 ஆம் ஆண்டில், வேறொருவர் வாயிலிருந்து, இதே வரிசையில் அச்சொற்களை நாம் கேட்டிருந்தோம்.

அப்போது தொழிற்சாலையில் ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று அடிக்கடி நின்றுகொண்டிருந்தது. அதைக் காக்கும் ஓவர்லோடு ரிலே அதை நிறுத்திக்கொண்டிருந்தது என்பதே சரி. ரிலேயின் உள்ளே இரு உலோகங்களை ஒட்டிய தகடு ஒன்று இருக்கும். மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் தகடு சூடேறி வளைந்து இணைப்பைத் துண்டித்துவிடும். அம்மோட்டாருக்கு 7.5 ஆம்பியர் என்று அளவு வைத்திருந்தோம். பேரிங் வறண்டு போயிருந்தமையால் அது கூடுதலாக இழுத்தது. நிறுத்திக் கழற்றிப் பார்க்க அரை நாள் வேண்டும். மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திங்கட்கிழமை சரக்கு போயாக வேண்டும் என்றார். நாம் திருப்புளியை எடுத்து, ரிலேயின் அளவைப் பத்து ஆம்பியருக்குத் திருகிவைத்தோம். மோட்டார் அதன்பின் நிற்கவில்லை. 'பார்த்தீர்களா, சரியாகிவிட்டது' என்று தோளில் தட்டினார்.

வீடுகளில் பியூஸ் கட்டை இருந்த காலத்தை நினைவுகூர்வோர், இது எவ்வளவு எளிய பிழை என்பதை அறிவர். பியூஸ் இரண்டு முறை போனால், மூன்றாம் முறை தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் வழக்கம் எத்தனை வீடுகளில் இருந்தது! பியூஸ் அதன்பின் போகாது. போவது சுவருக்குள் ஓடும் ஒயர்.

மூன்றாம் நாள் மோட்டாரின் சுருள் வெந்தது. புகையைக் கண்டு முதலில் ஓடியவன், நம்மிடம் வேலை பழகிக்கொண்டிருந்த இருபது வயது உதவியாளன். அவன் அருகே சென்ற அந்த நேரத்தில் மோட்டாரின் முனையப் பெட்டியில் தீ வெடித்தது. வலக் கை வெந்துபோயிற்று. ஆறு மாதங்களுக்குப் பின் வேலைக்குத் திரும்பினான். ஆனால் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. விசாரணைத் தாளில் 'மோட்டார் பழையது' என்று எழுதினார்கள். கீழே நாமும் கையொப்பமிட்டோம். விசாரணை நடந்த அன்று காலையில் ரிலே மீண்டும் 7.5 இல் இருந்தது. அதைத் திருகியதும் நம் கையே.

இதை முப்பத்தைந்து ஆண்டுகளாக எவரிடமும் சொன்னதில்லை. வீட்டில் மனைவியிடமும் சொன்னதில்லை. அன்று பகலில், திறந்து கிடந்த கேபினெட்டின் முன் அமர்ந்து மகனிடம் சொன்னோம். அடுப்படி வாசலில் அவன் அம்மா நின்று கேட்டுக்கொண்டிருந்ததைச் சொல்லி முடித்த பின்னரே கண்டோம். எவரும் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. மகன் எழுந்து கணினியை நிறுத்தினான். கன்வெர்ட்டரை உருவி மேசைமேல் வைத்தான். பிறகு வெளியே போய்த் தொலைபேசியில், "சார், என்னுடைய கணினியில் குறை இருக்கிறது. செவ்வாய்க்கிழமைதான் தர முடியும்," என்று சொல்வது நமக்குக் கேட்டது. மறுமுனையில் கோபித்திருக்க வேண்டும். அவன் நெடுநேரம் பேசாமல் நின்றான். பிறகு மீண்டும், "செவ்வாய்க்கிழமை, சார்," என்றான். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நமக்கு வராத சொற்கள் அவை.

அவன் அம்மா சீட்டுக் கட்டி எடுத்த பணத்தில் கொஞ்சத்தைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். "கூரைக்குத் தகரம் மாற்ற வைத்திருந்தேன். மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது," என்றாள். அம்பத்தூர் நிலையத்தில் மின்தொடர் வண்டியைப் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவை அடைந்தபோது மாலையாகிவிட்டது. ஒரு ஆள் நுழையும் சந்துகளும், கூரை முட்டக் கம்பிச் சுருள்களும், மின்னணுச் சாமான்களும் நிறைந்த தெரு அது. ஆர்.டி.எக்ஸ். 3060 க்கு அதன் உற்பத்தியாளரான என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் பெட்டி. சற்றுத் தாராளமாக 650 வாட் பெட்டி ஒன்றைக் கேட்டோம். இம்முறை பெரிய எழுத்தைப் பாராமல் கட்டத்தைப் பார்த்தோம். 12 வோல்ட்டில் 54 ஆம்பியர். பெருக்கினால் 648 வாட். பெயரும் உண்மையும் ஒன்றாக இருந்தன.

திரும்பும் வழியில், வண்டியின் இரைச்சலுக்கிடையே மகன் ஒரு செய்தி சொன்னான். ஒரு காலத்தில் இத்தகைய கார்டுகளுக்குத் தனி மின்கம்பியே கிடையாதாம். 2000 ஆம் ஆண்டில் வந்த வூடூ5 5500 என்ற கார்டு, வன்தட்டுக்குச் செல்லும் நான்கு முனைக் கம்பியைத் தனக்கும் வாங்கிக்கொண்டது. 2022 அக்டோபரில் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 கேட்பதோ 450 வாட். 12 வோல்ட்டில் ஏறத்தாழ 37 ஆம்பியர். அதற்கென்று வந்த புதுவகைச் செருகி சில இடங்களில் உருகிப்போனது. உலகம் முழுவதிலும் ஐம்பது அளவில் புகார்கள் வந்துள்ளன என்றும், செருகி முழுதும் உள்ளே செல்லாதது பொதுவான காரணம் என்றும் என்விடியா அந்த நவம்பரில் அறிவித்தது. 2023 இல் செருகியின் அமைப்பைத் திருத்தினார்கள். சாட்சி சொல்லும் முனைகளின் நீளத்தைக் குறைத்தார்கள். கடைசி மயிரிழை வரை செருகினால் ஒழிய அம்முனைகள் தொடா. அவை தொடாவிட்டால் கார்டு மின்சாரத்தை எடுக்காது. அதன் பிறகும் புகார்கள் அடியோடு நின்றுவிடவில்லை என்றாலும், அத்திருத்தத்தின் நோக்கம் நம் மனத்தில் பதிந்தது. இணைப்பு முழுமையாகும் முன் 'இணைந்துவிட்டேன்' என்று சொல்ல முடியாதபடி சாட்சியைக் குட்டையாக்கியிருக்கின்றார்கள்!

அன்றிரவு புதிய பெட்டியைப் பூட்டினோம். அதன் கம்பியில் ஆறு முனைகள் ஒரு கட்டாகவும், இரண்டு முனைகள் தனியாகவும் தொங்கின. இரண்டையும் விரல்களுக்கிடையில் சேர்த்துப் பிடித்து அழுத்தியபோது 'டக்' என்று ஓர் ஒலி கேட்டது. திரையில் எச்சரிக்கை இல்லை. சிவப்பு விளக்கும் இல்லை. அன்று காலை கன்வெர்ட்டரைப் போட்டபோதும் இவை இரண்டும் இல்லை என்பதை நினைத்துக்கொண்டோம். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டு அமைதியும் ஒன்றே. வேறுபாடு மல்டிமீட்டருக்குத் தெரிந்தது. முழு வேலையிலும் அது 11.9 க்குக் கீழே இறங்கவில்லை. கம்பியைத் தொட்டோம், குளிர்ந்திருந்தது.

"அவர் இப்போது எங்கே இருக்கிறார் அப்பா?" என்று மகன் கேட்டான்.

எங்கே இருக்கின்றார் என்பது நமக்கு எந்நாளும் தெரியும். பட்டரவாக்கத்தில் இருக்கின்றார். அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்தில் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பார்ப்பதுண்டு. அவர் இடக் கையை உயர்த்தி வணங்குவார். நாம் பேருந்துக்கு விரைவது போல் நடந்துவிடுவோம். நம் அமைதியும் அந்தக் கன்வெர்ட்டர் தந்த அமைதியே. உள்ளே சுட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிறு மாலை சென்றோம். வழி நெடுகச் சொற்களை அடுக்கிவைத்திருந்தோம். அவர் கதவைத் திறந்ததும் எல்லாம் கலைந்துவிட்டன. நாற்காலியில் அமரும் முன்னரே, "அந்த ரிலேயைத் திருகிவைத்தது நாம்தான். பிறகு மாற்றிவைத்ததும் நாம்தான்," என்று சொல்லிவிட்டோம்.

அவர் சற்று நேரம் தம் வலக் கையைப் பார்த்தார். "தெரியும் அண்ணே. அந்தப் பெட்டியைத் திறக்கும் திருப்புளி உங்களிடம் மட்டும்தானே இருந்தது?" என்றார்.

"தெரிந்துமா இத்தனை நாள்..."

"நீங்களாகச் சொல்வீர்கள் என்று இருந்தேன். முதல் பத்து வருடம் எதிர்பார்த்தேன். அப்புறம் எதிர்பார்க்கவில்லை." அவர் குரலில் கசப்பும் இல்லை, 'பரவாயில்லை' என்ற ஆறுதலும் இல்லை. இருந்ததை அளந்து சொன்னது போல் இருந்தது. உள்ளே திரும்பி, "அண்ணன் வந்திருக்கிறார், காபி போடு," என்றார்.

காபி வந்தது. தம்ளரை இடக் கையால் எடுத்து நீட்டினார். இரு கைகளாலும் வாங்கிக்கொண்டோம்.